பிள்ளைக்காம்பராவில் கேட்ட கிட்டார்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். றோசலின் அங்கே ஆயாவாக இருந்தாள். வயது முப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுவாள், மற்ற நாட்களில் தொட்டில் ஆட்டுவாள்.

1957இல் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை வேலையை விட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அவருடைய மனைவி போகும்போது, சாவி கொடுத்துப் பாடவைக்கும் ஒரு கிராமபோன் பெட்டியையும் சில இசைத்தட்டுகளையும் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பிவைத்தார். முதல் நாள் றோசலின் ஒன்றைப் போட்டாள். ட்ரம்பெட் சத்தத்தில் பாதிப் பிள்ளைகள் வீறிட்டு அழுதன. பெட்டியை மூடிவிட்டாள்.

ஆனால் இசை கேட்கும் ஆசை அவளை விடவில்லை. ஒருநாள் பெட்டியின் வாயில் பழைய சால்வையைச் சுருட்டி அடைத்துவிட்டு வேறொரு தட்டைப் போட்டாள். கொழும்பில் பதிவான ஜாஸ் இசை அது. காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றதால், ட்ரம்பெட்டுக்குப் பின்னால் இன்னொன்றும் ஒலிப்பது அவளுக்குக் கேட்டது. ஒரு கிட்டார். ட்ரம்பெட் உரக்கப் பேசிவிட்டு மூச்சு வாங்கும் இடைவெளியில் அது வந்து, அதே விஷயத்தை இன்னும் கொஞ்சம் கனிவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் தட்டில் வேறு எதுவும் கேட்கவில்லை. மதியம் பிள்ளைக்குப் பால் கொடுக்க வரும் பெண்களையும் கேட்கவைத்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருத்தியான காளியாயி, வந்ததும் வராததுமாகக் கூடையை இறக்கிவிட்டு, "ஆயம்மா, அந்தக் கம்பி தட்டுறவரப் போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில் ட்ரம்பெட்காரர் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. கிட்டார்காரர் பெயரே இல்லை. துரையின் கார் ஓட்டிய வீரய்யாவிடம் றோசலின் விசாரித்தாள்.

"கிட்டாரா? அது நம்ம ராகலை சூசைரட்ணமில்ல" என்றார் வீரய்யா. "அந்த பேண்டு நுவரெலியா ஓட்டல்ல வாசிக்கும். தொர அங்க டான்சுக்குப் போவாரு. நாங்க டிரைவருங்க பின்கட்டுல காத்திருப்போம். மத்த வாத்தியக்காரங்க உள்ள சாப்பிடுவாங்க. இவரு எங்ககூட ஒக்காந்து சாப்பிடுவாரு. இப்ப ராகலையில மரக்கறி யாவாரம் பண்றாரு."

றோசலினுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளைக்காரர் என்று நினைத்திருந்தாள். பஸ் ஏறினால் பார்த்துவிடலாம்!

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், காளியாயியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ராகலைக்குப் போனாள். கடைத்தெருவில், முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டையோடு வெங்காயத்தாள் போன்ற லீக்ஸை நிறுத்துக்கொண்டிருந்த நெடிய மனிதரைக் காட்டினார்கள்.

"நீங்க வாசிச்ச இசைத்தட்டு எங்க தோட்டத்துல இருக்குங்க. அதச் சொல்லத்தான் வந்தோம்" என்றாள் றோசலின்.

சூசைரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். "அத இன்னும் யாரு கேக்குறாங்க?"

"நாங்க தினமும் கேக்குறோமுங்க" என்று காளியாயி முந்திக்கொண்டாள். "நீங்க வாசிச்சாப் போதும், எங்க பிள்ளைங்க அப்பிடியே தூங்கிருதுங்க!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தூங்குதா? சரிதான். அந்தத் தட்டு வந்தப்ப ஒரு பேப்பர்ல எழுதினாங்கம்மா. ட்ரம்பெட் பிரமாதம், பியானோ பிரமாதம். கிட்டாரப் பத்தி ஒரே ஒரு வரி. இடைஞ்சல் இல்லையாம். நீங்க அதுக்கு மேல போயிட்டீங்க."

காளியாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். றோசலின் விடவில்லை.

"இல்லீங்க, நான் தூங்கல. ரெண்டாவது பக்கத்துல ஒரு எடம் வருது. ட்ரம்பெட் எறங்கி வருது, எல்லாரும் அதுகூடவே எறங்குறாங்க. நீங்க மட்டும் மேல போறீங்க. மேல போயி அங்கனயே நிக்கிறீங்க. விழுந்துருவீங்களோன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறுது. அப்பறமா மெதுவா வந்து சேர்ந்துக்கிறீங்க. அந்த எடத்துக்காகவே நான் அந்தத் தட்டப் போடுறேங்க."

தராசு அவர் கையில் அப்படியே நின்றது. வாங்க வந்தவர் சத்தம் போட்ட பிறகுதான் லீக்ஸைக் கட்டிக் கொடுத்தார்.

"அது நான் பண்ணின தப்பும்மா" என்றார். "எறங்க வேண்டிய எடத்துல எறங்காம விட்டுட்டேன். பேண்ட் மாஸ்டர் எல்லார் முன்னாலயும் ஏசினாரு. தட்டே என்னால கெட்டுப்போச்சுன்னாரு. அப்பறம் அவரு ஆஸ்திரேலியா போயிட்டாரு, பேண்டும் கலஞ்சிருச்சு. கிட்டார நான் மறுபடி தொடல. அந்தத் தட்டக்கூட நான் கேட்டதே இல்ல. கேக்க மனசு வரல."

"அப்ப வந்து கேளுங்க" என்றாள் றோசலின்.

அவர் வருவார் என்று இருவருமே நம்பவில்லை. ஆனால் ஒரு மதியம், மழை விட்டிருந்த நேரத்தில், பிள்ளைக்காம்பரா வாசலில் செருப்புச் சேற்றைத் துடைத்துக்கொண்டு நின்றார். பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு இடம் கொடுத்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

றோசலின் சால்வையை எடுத்துவிட்டு ஊசியை வைத்தாள். இடது கை விரல்கள் அவர் முழங்காலில் தானாக அசைந்தன. அந்த இடம் நெருங்கியதும் விரல்கள் நின்றன. ட்ரம்பெட் இறங்கியது. கிட்டார் ஏறியது. ஏறி, நின்றது.

தட்டு முடிந்தது. "இன்னொருக்கா போடும்மா" என்றார். இன்னொரு முறையும் கேட்டார். பிறகு திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு.

"தப்பில்ல" என்றார். "இத்தன வருஷமா தப்புன்னு நெனச்சிட்டு இருந்துட்டேன். நல்லாத்தானே இருக்கு?"

"அந்த ஊதுறவரத்தான் கொஞ்சம் அமத்தச் சொல்லணும்" என்றாள் காளியாயி. எல்லாரும் சிரித்தார்கள். தொட்டிலில் இருந்த ஒன்று விழித்துக்கொண்டு அழுதது.

அந்த மாதமே சூசைரட்ணம் கண்டிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தார். விரல் நுனிகள் மென்மையாகிப் போயிருந்தன. புண்ணாகி, தோல் உரிந்து, மறுபடி காய்ப்புப் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. தலவாக்கலைப் பக்கம் மரக்கறி கொண்டுவரும் நாட்களில் கிட்டாரோடு பிள்ளைக்காம்பராவுக்கு வருவார். வாசித்துவிட்டு, "எப்பிடி இருக்கு?" என்று றோசலினிடம் கேட்பார். அவளும் உள்ளதைச் சொல்வாள். "அவசரப்படுறீங்க" என்றால் தலையாட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

ஏப்ரலில் நுவரெலியாவில் வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் சீசன் தொடங்கியது. பழைய பேண்டில் இருந்த பியானோக்காரர் புது பேண்ட் ஒன்று சேர்த்துக்கொண்டு இவரையும் கூப்பிட்டார். பின்னால் நின்று தாளத்துக்குத் தட்ட மட்டும் என்றால் தனக்கு லீக்ஸே போதும் என்று சூசைரட்ணம் சொல்லிவிட்டார். பியானோக்காரர் யோசித்துவிட்டு, முன்னால் நின்று தனியாக வாசிக்க ஒரு பாட்டைக் கொடுத்தார். சீசன் முடிவதற்குள் அது மூன்றாகிவிட்டது. அந்த ஓட்டல் மண்டபத்துக்குள் றோசலின் போக வழியில்லை. வீரய்யா புதுத் துரையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்று கேட்டுவந்து சொன்னார்: "டான்ஸ் ஆடினவங்க ஆடுறத நிப்பாட்டிட்டுப் பாத்தாங்க."

மறுவருடம் கொழும்பில் அவரும் பியானோக்காரரும் சேர்ந்து ஒரு தட்டு பதிவுசெய்தார்கள். அது எல்லா ஊரிலும் விற்றது என்று சொல்ல முடியாது. கண்டியிலும் கொழும்பிலும் சில கடைகளில் இருந்தது, அவ்வளவுதான். முதல் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரே பஸ்ஸில் கொண்டுவந்தார். நடுவில் ஒட்டியிருந்த தாளை றோசலின் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: சூசைரட்ணம், கிட்டார்.

"போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

"மொதல்ல இவங்க வரட்டும்" என்றார். மலையிலிருந்து பெண்கள் கூடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.