நம்மட கிளி

கலியாணம் முடிச்சு நாப்பதாம் நாள் ஜவுபர் மச்சான் ரியாதுக்குப் போயிட்டார். ரெண்டு வருச அக்ரிமெண்ட். வரச் சொல்லி எழுதினா, "பொறு புள்ள, வீட்டுவேலை முடியட்டும்" எண்டுதான் பதில். ஊரில ஆரைக் கண்டாலும், "ஸகியா, விசேஷம் ஒண்டுமில்லியா?" எண்டு வயித்தைத்தான் பாப்பாளுகள். இல்லடி, இல்ல! எத்தினை தரம் சொல்ற?

எனக்கு எழுதவும் புதினமில்ல. அப்பதான் கிணத்தடிக் கொய்யாக் கொப்பில, ஓடு மேஞ்ச மாதிரி வரிசையா முட்டை கிடக்கக் கண்டன். இலையைப் போலவே இரிக்கிற வெட்டுக்கிளிட முட்டை. குஞ்சு பொரிச்சதில ஒண்டுதான் மிஞ்சிச்சு. எறும்பு மாதிரி, இறகுமில்ல. எல்லாத்தையும் விலாவாரியா மச்சானுக்கு எழுதினன்.

அந்தக் கடிதம் போய்ச் சேரவே இல்ல. அது தெரியாம அடுத்ததையும் எழுதினன்: "நம்மட கிளி நல்லா வளருது. ராவும் பகலும் தீன்தான். தோல் உரிஞ்சு இப்ப நல்ல நிறம். உங்களப் போல சொல்லுக் கேக்காது." உரிஞ்ச தோலையும் அது திண்டதை மட்டும் எழுதல்ல. சீ, அரியண்டம்!

எங்கட ஊரில புள்ளையளக் 'கிளி' எண்டுதானே கொஞ்சுற. மச்சான் போய் அப்ப பத்து மாசம். கணக்கும் சரியா வந்திட்டு, பாருங்களேன்!

மச்சானோட வேலை செஞ்சு லீவில வந்த மீராமுகைதீன்ட கையில பதில் வந்திச்சு, ஒரு சின்னச் சட்டையோட. "அல்ஹம்துலில்லாஹ்! ஏன் புள்ள எனக்கிட்ட மறைச்ச? ஆம்புளையா, பொம்புளையா? கிளியப் பாக்காம இனி இஞ்ச இரிக்க ஏலா. அரபி முதலாளிக்கிட்ட லீவுக்குக் கதைச்சிட்டன். உன்ட கடிதம் கண்டதும் டிக்கட் எடுப்பன்."

முதல்ல சிரிச்சன். பிறகு அந்தச் சட்டையைப் புடிச்சிக்கிட்டு வாய்விட்டு அழுதன். எனக்காக எடுக்காத டிக்கட்!

உண்மையைச் சொல்லாம 'வாங்க' எண்டு மட்டும் எழுதினா வந்திடுவார்தானே? வந்தாப் பிறகு ஏசட்டும். முகத்தைப் பாத்துத்தானே ஏசுவார். அந்த ஏச்சுக்கும் நான் ஏங்கிப் போயிரிந்தன்.

ரெண்டு நாளா எழுதல்ல. அதுக்கிடையில கிளி கடைசித் தோலையும் கழட்டிச்சு. இறகு ரெண்டும் அசல் கொய்யா இலைதான், நரம்பு உட்பட. மறுநாள் காலையில அதைக் காணல்ல. இலை இலையாப் புரட்டித் தேடினன். பறந்திட்டு.

உள்ளுக்குப் போய்ப் பேனையை எடுத்தன்.

"மச்சான், கிளி எண்டு நான் எழுதினது வெட்டுக்கிளி. இஞ்ச புள்ள இல்ல. நான் மட்டுந்தான் இரிக்கன். எனக்காக வருவீங்களா?"