பந்தின் தலையில் ஒரு விரல்

எங்கள் ஃபாரோ தீவுகளில் கால்பந்தாட்டம் யாருக்கும் சோறு போட்டதில்லை. என் கூட்டாளி ஹானுஸ் மீன் ஆலையில் கத்தி பிடித்தான். நான் தச்சன். லீவு கிடைத்தால் இருவரும் நாட்டு அணியின் சட்டையை மாட்டிக்கொள்வோம். மொத்த நாட்டிலும் ஐம்பதாயிரம் பேர்தான். அதில் பதினொரு பேரைத் தேற்றுவதே பெரும்பாடு. பெரிய நாட்டுக்காரர்கள் வந்து ஐந்து, ஆறு என்று போட்டுத் தள்ளிவிட்டு, "நன்றாகப் போராடினீர்கள்" என்று கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தப் பாராட்டு மட்டும் எனக்கு ஆகவே ஆகாது.

ஹானுஸ் பதினைந்து வருடம் ஆடினான். நாற்பத்தொன்பது ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை.

"ஒண்ணே ஒண்ணு போதும்டா ஏய்தன். முதுகுல பட்டு உள்ள போனாலும் சரி," என்பான்.

முழங்கால் தேய்ந்துவிட்டதால் ஐம்பதாவது ஆட்டத்தோடு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டான்.

எங்கள் காற்றுக்குப் பந்து வைத்த இடத்தில் நிற்காது. அதனால் பெனால்டி அடிக்கும்போது இன்னொருவன் புல்லில் குப்புறப் படுத்து, பந்தின் தலையில் ஒரு விரலை வைத்துப் பிடித்துக்கொள்வான். கால் வந்து படும்வரை விரலை எடுக்கக் கூடாது. ஹானுஸுக்குப் பிடிப்பவன் எப்போதும் நான்தான். வேறு எவனையும் அவன் நம்பமாட்டான்.

கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, பயிற்சியில் அவன் பூட்ஸ் கொஞ்சம் தவறி என் ஆள்காட்டி விரலில் பட்டது. எலும்பில் விரிசல். அன்று அவன் கண்கலங்கியதைப் பார்த்து நான்தான் கேலி செய்தேன்.

அந்த ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கியிருந்தோம். முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. எங்கள் வழக்கத்தை நடுவரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். காற்று ஆளையே தள்ளியது. மழையில் நின்றிருந்த சனம் மொத்தமும் ஹானுஸ் பெயரைக் கத்தியது.

பந்தை வைத்துவிட்டு என்னிடம் குனிந்தான். "விரல் எப்டிடா இருக்கு? வேணும்னா நம்ம டீம் பையன் பார்துரப் படுக்கச் சொல்றேன்."

"பார்துரா? படுத்தான்னா தூங்கிடுவான். நீ அடிடா."

படுத்தேன். விரலை வைத்தேன். அவன் ஓடிவரும் சத்தம் தரை வழியாக என் காதுக்கு வந்தது. பிடித்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். விரல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. பந்து அரை சாண் உருண்டது. அவன் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது.

அவன் அப்படியே சேற்றில் உட்கார்ந்தான்.

"காத்துடா," என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இல்லடா. என் காலுதான்," என்றான்.

பத்திரிகைக்காரர்களிடமும் அதையேதான் சொன்னான். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. மறுவாரமே அவன் 'கம்பத்து ஹானுஸ்' ஆகிவிட்டான். "கம்பத்தாரே, இன்னிக்காவது மீன வெட்டுனீங்களா, அதுலயும் குறி தப்பிடுச்சா?" என்று கடையில் கேட்பார்கள். அவன் சிரிப்பான். கூட நின்று நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் காபிக்கு என்னைக் கூப்பிட்டான். காய்ந்த ஆட்டிறைச்சியைச் சீவி வைத்துக்கொண்டு ஆடு, மழை, மருமகன் என்று பேசுவோம். காபி ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் கேட்பான்: "விரல் எப்டிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

போன மாதம், ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சடைத்து இறந்துபோனான். அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அவன் மனைவி மார்யுன் அடுப்படியில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மார்யுன், அன்னிக்கு அவன் கால் தப்பல. காத்தும் இல்ல. நான் பயந்து விரல எடுத்துட்டேன்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டாரு. உங்க வாயால வரட்டும்னு இருந்தாரு."

"ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கலாமே!"

அவள் என் விரலைப் பார்த்தாள்.

"வாரா வாரம் கேட்டாரே, ஏய்தன்."