பம்பரில் விழுந்த நரை

எங்கள் ஊரில் காருக்கு நரை விழுந்துவிட்டால் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். உடம்பு என்ன நிறமாக இருந்தாலும் கவலையில்லை. பம்பர், கண்ணாடிக் கூடு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை என்று கறுப்புப் பிளாஸ்டிக் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கே வெள்ளை தெரிந்தால் அது நரை. பாராட்டு விழா நடத்தி, பானட்டுக்குப் பொன்னாடை போர்த்தி, நாலு டயரையும் கழற்றி, பூங்காவில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே நிறையக் கார்கள் இருக்கின்றன. சாயங்காலம் ரேடியோவில் செய்தி கேட்கும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

என் கார் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது இல்லை என்பதுதான் என் கட்சி. அதற்கு இரண்டு வயதுதான் ஆகிறது.

என் பெயர் செண்பகவல்லி. வாடகைக் கார் ஓட்டுகிறேன். அப்பா வண்டி, வீட்டுக்காரர் வண்டி, கொழுந்தன் வண்டி என்று பாதி ஆயுளைப் பின்சீட்டில் கழித்தவள். ஏறு என்றால் ஏறி, இறங்கு என்றால் இறங்கினேன். ஸ்டீயரிங் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. பொன்னாடை என்ன, பட்டுப் பீதாம்பரமே கொண்டுவந்தாலும் அதை விடுவதாக இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காரைக் கழுவி மெழுகு பாலிஷ் போட்டேன். பூஜைக்குத் துடைக்கும்போது ஒரு மூலையை விட்டாலும் சாமி அந்த மூலையைத்தான் முதலில் பார்க்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அதனால் சிவப்புத் தகரத்தோடு நிறுத்தாமல் கறுப்புப் பிளாஸ்டிக்கையும் விடாமல் அழுத்தித் தேய்த்தேன். அந்தப் பிளாஸ்டிக் சொரசொரப்பானது, பொடிப்பொடியாகக் குழி விழுந்தது. மெழுகு குழிக்குள் இறங்கி, மறுநாள் வெயிலில் காய்ந்து, திட்டுத் திட்டாக வெள்ளை பூத்துவிட்டது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுக்கும்போதே, எதிர்வீட்டுக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். என்னை அல்ல, காரை.

அன்றிலிருந்து காருக்கு மரியாதை கூடிப்போனது. பெட்ரோல் பங்கில் அரை டேங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த வயதுக்கு அரை வயிறு போதுமாம். நாற்சந்தியில் போலீஸ்காரர் ஓடிவந்து பக்கக் கண்ணாடியைக் கைத்தாங்கலாகப் பிடித்து எதிர்ப்புறம் கொண்டுபோய் விட்டார். நிழலில் நின்றிருந்த மினி பஸ் ஒன்று எழுந்து இடம் கொடுத்தது. சவாரிக்கு வந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டுத் தயங்கினார்கள். "பெரியவங்க மேல எப்படிம்மா உக்காருதது?" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போனார்கள். எல்லாரும் மரியாதை கொடுத்துக் கொடுத்தே என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள்.

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது காரின் மேல்தான். மரியாதை அதற்குப் பிடித்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் தொண்டையைச் செருமிக்கொண்டு நேரம் கடத்தியது. பாலத்தில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கியது. குறுக்கே வந்த புது வண்டிகளைப் பார்த்து, அந்தக் காலத்தில் இப்படியா என்பதுபோல் ஹாரனை இழுத்தது.

"ஒனக்கு ரெண்டு வயசு. நடிக்காத" என்று டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினேன். வைப்பரை ஒரு தடவை அசைத்துவிட்டு மறுபடியும் செருமியது.

ஓய்வுக் கமிட்டித் தலைவர் ஆழ்வாரப்பன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம விழா வச்சிருக்கோம் தாயி. பேனருக்கு நல்ல போட்டோவா ஒண்ணு குடு."

"இது நரை இல்ல அண்ணாச்சி. மெழுகு."

"இருக்கட்டும். நரையா மெழுகான்னு பாக்கது கமிட்டி வேலை இல்ல. வெள்ளையா இருக்கா, அதான் பேச்சு."

"வெள்ளையப் போக்கிட்டா?"

"போக்கிட்டா ஓய்வு கெடையாது. ஆனா இதுவரைக்கும் யாரு போக்கியிருக்கா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஈரம் இருக்கும் வரை கறுப்பு, காய்ந்ததும் பழையபடி வெள்ளை. தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு பொழுது பளபளத்துவிட்டுத் தெருத்தூசியை எல்லாம் சேர்த்துக்கொண்டது. பென்சில் ரப்பர் வைத்து அழித்தேன். மேட்டில் இருந்தது போனது, குழியில் இருந்தது சிரித்தது. என் வீட்டுக்காரரின் அக்கா உலகம்மாள் மதினி, தலைக்குப் போடும் சாயப் பொட்டலத்தை நீட்டினார்.

"போட்டு விடேன் செம்பகம். நான் போடலையா?"

"சாயம் அடிச்சா நரைன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும் மதினி. நான் ஒத்துக்கிட மாட்டேன்."

மதினி முகத்தை வெட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சட்னிக்கு வறுத்த நிலக்கடலை அரைத்தார். கோபத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டதால் கடலை மிக்ஸியில் களிபோல் ஒட்டிக்கொண்டது. நான் விரலால் வழித்தெடுத்தேன். சோப்புப் போட்டும் போகாமல் நகக்கண்ணில் கிடந்த மெழுகு, கடலை எண்ணெயில் இளகி, கடலையோடு சேர்ந்து வெளியே வந்தது. அன்று சட்னி இல்லை. இட்லியைப் பொடி தொட்டுச் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மேடை போட்டிருந்தார்கள். நாதஸ்வரம் கேட்டதும் கார் என் சொல்லைக் கேட்காமல் தானாகவே மேடையேறி நடுவில் நின்றுகொண்டது. நாலு பேர் ஸ்பேனரோடு டயருக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி மைக்கைத் தட்டி, ஓடாய்த் தேய்ந்த உத்தமர் என்று ஆரம்பித்தார். நான் உப்பு உறைப்பில்லாத கடலை விழுது ஒரு கிண்ணம், பழைய பல் பிரஷ், கிழிந்த வேட்டித் துணி, ஒரு வாளி சோப்புத் தண்ணீர் ஆகியவற்றோடு மேடையேறிப் பம்பருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"விழா நடக்கு தாயி" என்றார் அண்ணாச்சி, மைக்கிலேயே.

"நீங்க பேசுங்க. நான் தொடைக்கேன். என் வண்டி எப்ப ஓயணும்னு நானும் அதுவும் முடிவு பண்ணிக்கிடுதோம். ஏய், டயர்ல இருந்து கைய எடு!"

கார் முகத்தைத் திருப்பப் பார்த்தது. பம்பரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் விழுதை அப்பினேன். ஊறவிட்டுப் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். குழிக்குள்ளிருந்து மெழுகு இளகி, விழுதில் வெள்ளையாக ஏறியது. துணியால் வழித்துவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினேன். காய்ந்த பிறகும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஓய்வு பெற்ற கார்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுப் பார்த்தன. பம்பர், கண்ணாடிக் கூடு, பட்டை என்று ஒவ்வொன்றாக முடித்தேன். அண்ணாச்சி பேச்சில் காரின் இளமைக்காலத்துக்கு வந்தபோது நான் பின்பம்பருக்கு வந்துவிட்டேன். கை விட்டுப்போனது. விடவில்லை. மொத்தமும் முடிந்ததும் கார் ஒரு செருமல்கூட இல்லாமல் தானாகவே ஸ்டார்ட் ஆனது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் வாளியை எடுத்து வைத்தேன்.

கமிட்டியார் குனிந்து பார்த்தார்கள். ஒரு புள்ளி வெள்ளை இல்லை. கூடிப் பேசினார்கள். அண்ணாச்சி மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஓய்வு கெடையாது தாயி, சரிதான். ஆனா இம்புட்டுக் கறுப்பு பச்சப்பிள்ளைக்குத்தான் இருக்கும். ஒரு வயசு ஆகாத வண்டிய ரோட்டுல ஓட விடக் கூடாது. இடுப்புல தூக்கிட்டுத்தான் போகணும்."

ஓடத்தான் கூடாது என்றார்கள், சவாரி போகக் கூடாது என்று சொல்லவில்லை.

"அதுக்கென்ன" என்று குனிந்து காரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கூட்டம் வழிவிட்டது. நேரே ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலை விட்டு இறங்கிய ஒரு கணவனும் மனைவியும் டாக்ஸி வருமா என்று கேட்டார்கள். வரும் என்றேன். பெட்டிகளை டிக்கியில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடச் சொன்னார். போட்டுவிட்டு, காரை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.