கத்தரிக்கோல் தேவையில்லை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் சிவப்பு நாடாவைப் பிடித்து இழுத்தேன். நாடா மட்டும் கையோடு வந்தது. பாக்கெட் வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தது. உடனே ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன்: ‘புதிய உணவுப் பொட்டலங்கள் உண்மையிலேயே நம் வேலையைக் குறைக்கின்றனவா?’ இரண்டு பத்தி ஆனதும் ஒரு குறை தெரிந்தது. கட்டுரையில் பசியோடு யாருமே இல்லை. அதனால் கதைக்கு மாறினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவள் பொட்டலங்களை வடிவமைப்பவள். அவளுக்கு இந்த உலகமே ஓர் உறை போல…’

(நிறுத்திவிட்டேன். உலகத்தை எதனோடாவது ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேலை இல்லாதவர்களால்தான் முடியும். இவளுக்கு வேலை இருக்கிறது.)

அடுத்தது: ‘ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசையில் ஓர் ஓட்ஸ் பாக்கெட். அதைச் சுற்றி மூன்று பேர்.’

இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

2

அந்த மூவர் அவள், அவளுடைய அண்ணன், இருவருக்கும் அப்பா. அப்பா ஓய்வுபெற்ற பல் டாக்டர். அம்மா போனபின் இந்த வீட்டில் தனியாக இருக்கிறார். லேசாக வந்துபோன பக்கவாதத்தில் வலது கையின் பிடி தளர்ந்துவிட்டது. அவர் மருத்துவமனையில் இருந்தபோதே கட்டட ஒப்பந்தக்காரனான அண்ணன், அவர் கையை வெட்டிக்கொள்வார் என்று பயந்து வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

(அப்பாவை முதலில் வங்கி ஊழியராகத்தான் வைத்திருந்தேன். பாக்கெட் கிழியாவிட்டால் எல்லோரும் பல்லால் கடிக்கிறோம். அதற்காக மற்றவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டிய மனிதர் என்ன செய்வார் என்று யோசித்ததும் அவரைப் பல் டாக்டர் ஆக்கிவிட்டேன். எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான வசதிதான். சந்தேகப்படுகிறவர்கள் சந்தேகப்படலாம். பல் டாக்டர்களும் ஓட்ஸ் சாப்பிடுகிறார்கள்.)

“இதப் பிரிச்சுட்டீங்கன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்பா,” என்றான் அண்ணன். “பிரிக்க முடியலைன்னா என் வீட்டுக்கு வந்துடணும். மாடி ரூம் காலியாத்தான் இருக்கு.”

“மாடி ரூம்ல நாள் பூரா உன் மாமியாரோட டிவி கேக்கும்.”

“அவங்க கீழதான இருப்பாங்க.”

“அவங்க கீழ இருப்பாங்க. சத்தம் மேல வரும்.”

“பேச்ச மாத்தாதீங்க.”

“கத்தரிக்கோலக் குடு. இடது கையாலயே வெட்டிக் காட்டறேன். இவ்ளோ நாளா அந்தக் கையாலதான தின்னுட்டிருக்கேன்?”

“கத்தரிக்கோல் பேச்சே வேண்டாம்.”

“வாழ்நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள கூரான சாமான விட்டு எடுத்தவன்டா நான்.”

“ஊசி போட்டு மரத்துப்போக வச்சுட்டுத்தான விட்டீங்க.” அண்ணன் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினான். “அதோட, கத்தரிக்கோல் எதுக்கு? உங்க பொண்ணே போட்டிருக்கா பாருங்க. ‘கத்தரிக்கோல் தேவையில்லை’. என்னம்மா, நீதான போட்ட?”

“நான்தான்,” என்றாள் அவள்.

3

அது அவள் இரண்டு வருடம் உழைத்துச் செய்த பாக்கெட். இன்னும் கடைக்கு வரவில்லை. மேசையில் இருப்பது அதன் மாதிரிப் பாக்கெட். நாளை காலை அவள் கையெழுத்துப் போட்டால் அச்சு ஓடத் தொடங்கும்.

அதைச் சோதித்த அறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு நீள மேசை இருக்கிறது. கைகளை மட்டும் பார்க்கும் கேமராக்கள் இருக்கின்றன. சோதிக்க வருகிறவர்களுக்கு நிறுவனம் வைத்த பெயர் ‘சாதாரண மக்கள்’.* ஒரு தையல்காரர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தி, இன்னும் சிலர். எப்போதும் அதே ஆட்கள்தான். ஆட்களை மாற்றலாமே என்று அவள் ஒருமுறை கேட்டபோது மேலாளர் சொன்னார்:

“புது ஆளுங்க பாக்கெட்டக் குறை சொல்றாங்க. நம்ம ஆளுங்க, ‘தப்பு எம்மேலதான்’னு திரும்ப முயற்சி பண்றாங்க. அவங்ககிட்டதாங்க உருப்படியா ஏதாவது கிடைக்குது.”

அதைப் பிரிக்க, மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, பின்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து, அப்புறம் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். பாக்கெட்டில் இது எங்கும் எழுதப்படவில்லை. அந்த அறைக்கு வந்து வந்து அவர்களாகவே கற்றுக்கொண்டது. தையல்காரர் இப்போது பேசிக்கொண்டே பிரிக்கிறார். அறிக்கையில் ‘மிக எளிது’ என்று வந்திருக்கிறது.

* அவர்களில் யாரும் இப்போது சாதாரணமானவர்கள் இல்லை. உலகத்திலேயே அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

4

அப்பா முயன்றார். வலது கை பிடித்துக்கொள்ள, இடது கை இழுத்தது. வலது கையிலிருந்து பாக்கெட் வழுக்கியது. மறுபடியும். அவர் விரல்கள் மேல் விளிம்பு முழுக்கத் தேடிக்கொண்டு போனதைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த விரல்களுக்கு எங்கே அழுத்துவது என்று தெரியாது. தெரியவும் வழியில்லை.

அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: “அண்ணா, பழகாத யாராலயும் இதப் பிரிக்க முடியாது.” கத்தரிக்கோல் திரும்பி வரும். அப்பா தன் வீட்டிலேயே இருப்பார். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாளை காலை கையெழுத்துப் போட முடியாது.

(இந்த இடத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவையைப்… இல்லை. பறவை வேண்டாம். அவள் பாக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அப்பா பல்லால் கடித்துப் பிரிக்கிறார். நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் எத்தனை முறை எழுதினாலும் பாக்கெட் அவர் உதடு வரை போய்த் திரும்பிவிடுகிறது.

அப்பா பாக்கெட்டை மகனிடம் நீட்டி, “நீ பிரிடா பாக்கலாம்,” என்கிறார். அவனாலும் முடியவில்லை. கைத்தட்டல் வாங்கும் முடிவுதான், ஆனால் நடக்காது. செங்கல் தூக்கிய கை அது. முரட்டுத்தனமாக இழுத்தால் பக்கமே கிழிந்து ஓட்ஸ் தரையெல்லாம் கொட்டும். அவனோ, “பிரிஞ்சுடுச்சுல்ல?” என்பான்.

மூன்றாவதில், அவள் அப்பாவின் காதோரம் சாய்ந்து, “மூலைய அமுக்கி மடிங்கப்பா,” என்று சொல்லிக்கொடுக்கிறாள். பாக்கெட் பிரிகிறது. அப்பாவுக்கு வீடு, அவளுக்கு அச்சு. அண்ணனுக்கும் நிம்மதி. எல்லோரும் ஓட்ஸ் சாப்பிடுகிறார்கள். எனக்குப் பயம் தருவது இந்த முடிவுதான், ஏனென்றால் இதில் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. இதே பாக்கெட்டை வாங்கி, சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் மகள் இல்லாமல் சமையலறையில் நிற்கப்போகிறவர்கள் இந்தக் கதைக்குள் வரவே இல்லை.

ஆகவே நான் எழுத முடிந்தது இவ்வளவுதான்.

அப்பா பாக்கெட்டைக் கீழே வைக்கிறார். முகத்தில் கோபம் இல்லை. பிறகு தலையை நிமிர்த்தி மகனைத் தாண்டி மகளைப் பார்க்கிறார். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவரால் பேச முடியாது. அதனால் பல் டாக்டர்கள் வேலையைத் தொடங்கும்முன் ஒன்று சொல்லிவைப்பார்கள். அதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, அதே சாதாரணக் குரலில் இப்போது சொல்கிறார்:

“வலிச்சா கையத் தூக்கும்மா.”

அண்ணனுக்கு விளங்கவில்லை. “யாருக்குப்பா வலிக்குது?” என்கிறான்.

அவளுடைய இரண்டு கைகளும் மேசைக்கு அடியில், மடியில் இருக்கின்றன. நான் அவற்றைத் தொடப்போவதில்லை. இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.