ஒற்றைக் குழாய்

நிலக்கரி மின்நிலையங்களை மூடி, அணைக்கட்டு எந்திரங்களைத் துருவுக்குத் தின்னக் கொடுத்து, எல்லைக்கு அப்பாலிருந்து ஒரே குழாயில் வரும் எரிவாயுவே மின்சாரத்துக்குப் போதுமென்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, மலிவு மலிவென்று நாடே கூத்தாடியது. அடுத்த வீட்டு அடுப்பை நம்பி அரிசி களைவதில் அப்படியொரு சுகம். அண்டை நாட்டுக்காரன் விலையை ஏற்றினான், நம்மவர்கள் முறுக்கிக்கொண்டார்கள், அவன் குழாயைத் திருகி மூடிவிட்டான்.

மின்பங்கீட்டு மையத்தில் அன்று பொறியாளர் ஒருத்தியின் முறை. ஐம்பதில் நிற்க வேண்டிய மின் அதிர்வெண், வரத்து குறையக் குறைய, திரையில் மாடிப்படியில் உருளும் குடம்போல இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் நாடு மொத்தமும் இருட்டு. திரும்ப விளக்கெரிவதற்குள் பேரன் பேத்தியே எடுத்துவிடலாம்.

தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் கத்தினார்: "வீடுங்கள்ல கைய வைக்காதம்மா, தேர்தல் வருது! ஃபேக்டரி எல்லாத்தையும் லைன்லருந்து தூக்கு!"

தூக்கினாள், ஒன்றைத் தவிர. அது கண்ணாடித் தொழிற்சாலை. அங்கே உலைக்குத் தலைமை அவள் தம்பிதான். ஓர் ஊருக்கான மின்சாரத்தை ஒரே வாயில் விழுங்கும் உலை. மின்சாரம் நின்றால் உள்ளே உருகிக் கிடப்பது பாறையாகிவிடும். அப்புறம் உலையை உடைத்தெறிய வேண்டியதுதான். அதை நம்பிய இருநூறு குடும்பமும் தெருவில்.

கைபேசி அலறியது. தம்பிதான்.

"அக்கா, எங்க லைன மட்டும் தொட்டுடாதே."

"ஜெனரேட்டர ஓட்டுடா."

"அது வந்துக்கா..."

"டேய்!"

"வித்தாச்சுக்கா. இனிமே கரண்டே போகாதுன்னு மந்திரி மேடையில சொன்னாருல்ல."

"அவர் சொன்னா?"

"நானும்தான் கொடி புடிச்சேன். கரண்டு பாதி விலைக்கு வரும்னாங்க."

"வீட்டுக் கதவுக்கு மூணு பூட்டு போடுறவன்டா நீ! நாட்டுக்கு மட்டும் ஒத்தைக் குழாய் போதுமா?"

"திட்டுக்கா, நல்லா திட்டு. லைன விட்டுடு."

உத்தரவைக் காற்றில் விட்டு வீடுகளையும் நிறுத்தினாள். தன் தெருவை முதலில்; அடுத்தது மந்திரிமார் வீதி. அங்கிருந்து எழுந்த கூச்சலுக்குத் தொலைபேசியே இரண்டு முழம் எம்பியது. எண் அரைக்கணம் நின்றது. அதற்குள் இன்னொரு மின்நிலையம் எரிவாயுவின்றி மூச்சை விட்டது. எண் மறுபடி சரிந்தது. இனி நிறுத்த மிச்சமிருந்தவை ஆஸ்பத்திரிகள், குடிநீர் மோட்டார்கள், அந்த உலை.

"தம்பி..."

"சொல்லாதக்கா."

"ஆளுங்கள வெளிய அனுப்பிடுடா."

"அக்கா, கொஞ்ச நேரம்! உன் கால்ல விழுறேன்க்கா!"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

எண் மயிரிழையில் நின்றது. பின்னாலிருந்த சக ஊழியர்கள் கைதட்டினார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் தட்டிய கைகள் அந்தரத்திலேயே நின்றன.

கைபேசியில் காலடிகள், யாரோ விசும்புவது, இரும்புக் கதவொன்று சாத்தப்படுவது. பிறகு தம்பியின் குரல் மட்டும்.

"எல்லாரையும் அனுப்பிட்டேன். கேஸ் எப்பக்கா வரும்?"

"ராத்திரி பேசப் போறாங்களாம்."

"இப்பவே மேல ஏடு கட்டுதுக்கா. ஆறுன பால் மாதிரி."

"நீயும் வெளிய போடா. போன வைக்கட்டுமா?"

"வேணாம்க்கா. வைக்காத. இந்த உலை சத்தமில்லாம நான் இங்க நின்னதே இல்ல."