சோப்பு பார்த்த வீடுகள்

குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையில் யாரோ ஒருத்தியின் தலைமுடி கொத்தாகச் சிக்கிக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் சோப்புக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்துவிட்டான்.

"கொஞ்சம் முடி, சார். எடுத்துப் போட்டா போச்சு," என்றாள் வீடு காட்ட வந்த ஏஜெண்ட் அம்மா.

"கொஞ்சமா? அதுல ஒரு சவுரியே பின்னலாம்ங்க!"

சோப்பு என்பது அவன் பெண்டாட்டியின் தம்பி வைத்த பெயர். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒவ்வொருத்தர் கையைக் குலுக்கியதும் போய்க் கை கழுவிக்கொண்டு வந்ததைப் பார்த்து, மச்சான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் ஆசாமி செய்கிற வேலை என்ன தெரியுமா? பல் செட் செய்கிற லேபில் டெக்னீஷியன். ஊரார் கடித்துக் கொடுத்த அச்சு எச்சில் பிசுபிசுப்போடு வந்து இறங்கும். அதை மருந்துத் தண்ணீரில் முக்கி, பிளாஸ்டர் மாவு ஊற்றி, வரிசையாகப் பல் கட்டுவதுதான் பிழைப்பு. கேட்டால், "அதுக்குத்தான் ரெண்டு ஜோடி கையுறை போட்டிருக்கேனே," என்பான். கையுறை இல்லாவிட்டால் சொந்த வீட்டுக் கதவையே முழங்கையால் தள்ளித்தான் திறப்பான். நல்ல மனுஷன்தான், என்ன செய்ய, பிறவி அப்படி.

வெளிநாட்டு வேலை என்று வந்து இறங்கியவனுக்கு லேப் கிடைத்தது தலைநகரத்தில். அங்கே வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும். அதனால் முன்னால் வந்தவர்கள் எல்லாரும் சொன்னபடி, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற இந்த ஊரில் ஒரு பஸ் டிரைவரோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டான். டிரைவர் சாப்பாட்டு மேசை மேல் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டுவார். ஒரு துண்டு பறந்து வந்து சோப்பின் டம்ளரில் விழுந்த அன்றைக்கு, அவன் தொண்டை வறளத் தண்ணீரே குடிக்காமல் படுத்தான்.

"என் நகம்தானே தம்பி, விஷமா?" என்று டிரைவர் சிரித்தார். சீ!

ரயில் அதைவிடக் கண்றாவி. முன்னால் நிற்கிறவன் தும்மினால் நம் முகத்தில் சாரல் அடிக்கும். சீட்டுத் துணியில் உள்ள கறையெல்லாம் என்ன கறை என்று யோசிக்கத் தொடங்கினால் சாப்பாடு இறங்காது. சோப்பு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, கம்பியைப் பிடித்ததும் இல்லை. ஓடத்தில் நிற்கிறவன் மாதிரி காலை அகட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்து, ஏச்சு வாங்கிக்கொண்டே போய்ச் சேருவான்.

ஊரில் பெண்டாட்டியும் நாலு வயதுப் பெண்ணும் காத்திருந்தார்கள். விசா கையில் இருந்தது. இந்த மாத முடிவுக்குள் வந்து இறங்காவிட்டால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அவன் ஒரு வீடு பிடித்தால் போதும், அவ்வளவுதான் பாக்கி. இவனோ பார்த்த வீட்டையெல்லாம் வேண்டாம் என்று வந்துகொண்டிருந்தான். ஒரு வீட்டில் பீரோவை நகர்த்தினால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. இன்னொன்றில் ஃபிரிட்ஜுக்குள் எப்போதோ காய்கறியாக இருந்த ஏதோ ஒன்று. ஒரு புண்ணியவான் கக்கூஸுக்குள் கார்பெட் போட்டு வைத்திருந்தான்! நல்லவேளை, சோப்பு அங்கேயே மயங்கி விழவில்லை. விழுந்திருந்தால் அதன் மேல்தான் விழுந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பெண்டாட்டி போன் செய்தாள்.

"இன்னிக்குப் பார்த்த வீடு என்னாச்சு?"

"அதை ஏன் கேக்குற? பாத்ரூம்ல எவ முடியோ..."

"முடி என் தலையிலயும்தான் இருக்கு. உதிரத்தான் செய்யுது."

"குழந்தை வந்து இருக்கப்போற இடம். சுத்தமா இருக்க வேணாமா?"

"குழந்தை மேல பழியைப் போடாதீங்க. உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு வீடு பிடிக்கலையா, நாங்க வர்றது பிடிக்கலையா?"

"உனக்கென்ன பைத்தியமா?"

"போன வருஷம் பாப்பா ராத்திரி பூரா வாந்தி எடுத்தாளே, ஞாபகம் இருக்கா? நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு 'துடைச்சிட்டியா, துடைச்சிட்டியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அவ 'அப்பா'ன்னு கையை நீட்டினா. நீங்க உள்ள வரவே இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா மறக்கவும் இல்ல."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. முடியைக் கண்டும் நகத்தைக் கண்டும் வருகிற அதே அருவருப்பு இப்போது சோப்புக்குத் தன்னை நினைத்தே வந்தது. வெகுநேரம் குழாயடியில் நின்று கையைத் தேய்த்தான். தேய்த்தால் போகிற அழுக்கா அது?

மறுநாள் ஏஜெண்ட் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அந்த முடி வீடா?" அவளால் நம்ப முடியவில்லை. "நெஜமாவா சார்?"

சாவி வாங்கியதும் மாஸ்க் கட்டி, கையுறைக்கு மேல் கையுறை மாட்டி, இடுக்கியால் அந்த முடியை இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது. சோப்பு உவ்வே உவ்வே என்று ஓங்கரித்த சத்தத்தில் மாடி வீட்டுக்காரரே இறங்கி வந்து, "ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விசா முடிகிற தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் வந்து இறங்கினார்கள். குழந்தை அப்பாவைப் பார்த்ததும் அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. போனில் பார்த்த முகம்தான், இருந்தாலும் நேரில் பயம். விமான நிலையத்திலிருந்து ரயிலேறினார்கள். ஆபீஸ் விடுகிற நேரம், வண்டி பிதுங்கியது. எப்படியோ இரண்டு சீட்டு கிடைத்தது. முதல் முறையாகச் சோப்பு அந்தக் கறைத் துணி மேல் உட்கார்ந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. குழந்தை நடுவில் ஒண்டிக்கொண்டது. பெண்டாட்டி ஜன்னலில் சாய்ந்த உடனே தூங்கிப்போனாள்.

பாதி வழியில் குழந்தை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அப்பா. வயிறு என்னமோ பண்ணுது."

முகம் வெளுத்திருந்தது. வாயில் எச்சில் ஊறியது. சோப்புக்குப் புரிந்துவிட்டது. கையுறை, கவர், ஈரத் துணி, மருந்துத் தண்ணீர், எல்லாம் கொண்டுவந்திருந்தான். எல்லாம் பெட்டியில் இருந்தது. பெட்டி வாசல் பக்கம், நடுவில் அத்தனை ஜனம்.

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழந்தையின் வாய்க்குக் கீழே நீட்டினான்.

சூடாக வந்து விழுந்தது. கை நிரம்பி, மணிக்கட்டு வழியே சட்டைக்குள் வழிந்தது. அருவருப்பு போய்விட்டது என்றா நினைக்கிறீர்கள்? ஒரு துளி குறையவில்லை. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டான், கண்ணில் நீர் முட்டியது. சுற்றி நின்றவர்கள், "சீ, கருமம்!" என்று முகத்தைச் சுளித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த நெரிசலிலும் விலகி இடம் விட்டார்கள். கர்ச்சீப்புக்கு மேலே தெரிந்த கண் ஒவ்வொன்றும் அவன் கண்தான்.

"எடும்மா, எடுத்துடு. அப்பா பிடிச்சுக்கிறேன்."

சத்தத்தில் பெண்டாட்டி விழித்துக்கொண்டாள். ஒரு நொடி எதுவும் விளங்காமல் பார்த்துவிட்டு, கைப்பையைக் கவிழ்த்து ஒரு துண்டைத் தேடி எடுத்தாள். "நீங்க விடுங்க, நான் பார்த்துக்கிறேன்."

"இரு. இன்னும் வரும் போல."

இன்னொரு தடவை வந்தது. பிறகு குழந்தை ஓய்ந்து, தலையை அவன் மார்பில் சாய்த்துக்கொண்டது. சோப்பு நீட்டிய கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"துடைச்சிட்டியா?" என்று கேட்டான்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்து முடித்தாள். துண்டை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பினாள்.

"அவளுக்குத் துடைச்சாச்சு," என்றாள். "உங்க கையைக் கொடுங்க."