அசல் வரும்வரை அப்பா சாகவில்லை

1

இது கதையாகத் தொடங்கவில்லை, விளக்கக் குறிப்பாகத் தொடங்கியது. எங்கள் பள்ளியில் யார் விதியை மீறினாலும் வெள்ளைத்தாளில் விளக்கக் குறிப்பு எழுதித் தரவேண்டும். நானும் எழுதினேன்: "என் வகுப்பு மாணவி புருல், மே 28 அரசுத் தேர்வின் நடுவே எழுந்து போனதற்கும், அவளை நானே என் காரில் ஏற்றிக்கொண்டு போனதற்கும் காரணம்..." நான்கு பக்கம். துணைத் தலைமையாசிரியர் ரக்கியா எஜே படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதுல உணர்ச்சி ஜாஸ்தியா இருக்கு அனார்கான். நடந்தத மட்டும் அரைப் பக்கத்துல எழுதிக் கொடு."

கொடுத்துவிட்டேன். மிச்சம் மூன்றரைப் பக்கம்தான் இது.

(எஜே என்றால் அக்கா. ஆசிரியைகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா என்று கூப்பிட்டவர்களிடம் அக்காவாக நடந்துகொள்ளச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் இதுவரை வரவில்லை.)

2

"மலைகளில் பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில்..." என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். பனி உருகினால் அவளுக்கு என்ன, உருகாவிட்டால் என்ன?

"புருல் நன்றாகப் படிக்கிற பெண்..." இதையும் அடித்தேன். மக்காகவே இருந்தாலும் செத்தது அப்பாதானே?

நேராகச் சொல்கிறேன். புருலின் அப்பா மமசாலி சைபீரியாவில் கட்டட வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை சாரம் சரிந்து ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தார். அங்கேயே வேலை பார்த்த தம்பி கெஞ்செபெக், சவப்பெட்டியோடு புதன்கிழமை காலை விமானத்தில் எங்கள் ஓஷ் நகருக்கு வருவதாகப் போனில் சொன்னார். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரசுத் தேர்வு. அது இல்லாமல் பள்ளிச் சான்றிதழ் கிடையாது. பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் ஜூலையில் நர்சிங் கல்லூரி கிடையாது.

செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ரக்கியா எஜேயின் அறைக்குப் போனேன்.

"எஜே, எங்கப்பா இறந்துட்டாரு. பரீட்சைய நான் ஆகஸ்டுல எழுதிக்கிறேன்."

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"சித்தப்பாகிட்ட இருக்கு. பெட்டியோட வருது."

"சரி, பெட்டி வந்ததும் கொண்டா."

"பெட்டி நாளைக்குத்தான் வருது எஜே."

"பரீட்சையும் நாளைக்குத்தான். முன்கூட்டியே கொடுத்தாதான் ஆகஸ்டு. இல்லன்னா வராதவங்க பட்டியல்ல போயிரும்."

புருல் போனை நீட்டினாள். சித்தப்பா அனுப்பிய சான்றிதழின் படம்.

"இது படம். எனக்கு அசல் வேணும், நீல முத்திரையோட."

நான் குறுக்கே புகுந்தேன். "அவங்க வீட்டு முற்றத்துல துக்கக் கூடாரம் போட்டாச்சு எஜே. தெருவே அழுதுட்டிருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க."

"தெரு அழுறதக் கோப்புல வைக்க முடியுமா? போன வருஷம் ஒருத்தன் உயிரோட இருக்கற தாத்தாவ மூணு தடவ சாகடிச்சான். மூணு தடவையும் நம்பினேன்."

யாரோ ஒரு பயல் பொய் சொன்னான். அதனால் மமசாலி இன்னும் சாகவில்லை.

3

வாசகரே, இந்த இடத்தில் ரக்கியா எஜேயை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். முதல் பிரதியில் அவருக்குத் தங்கப் பல் வைத்தேன், அடித்தொண்டைக் குரல் வைத்தேன். இரண்டும் பொய். நிஜத்தில் அவர் மெதுவாகத்தான் பேசுவார். ஆசிரியர் அறையில் அடிக்கடி ஒன்று சொல்வார்: "என் மகனுக்குக் காய்ச்சல் கொதிச்சப்பக்கூட நான் ஒரு பீரியடு விட்டதில்ல." சொல்லும்போது முகத்தில் பெருமை.

அவர் பாவம், அவரையும் இப்படித்தான் வளர்த்தார்கள் என்று ஒரு பத்தி எழுதினேன். கிழித்துப் போட்டேன். தனக்கு நடந்த கொடுமைக்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்து அடுத்தவளுக்குப் பரிமாறுகிறவர்மேல் எனக்கு இரக்கம் இல்லை.

என்மேலும் இல்லை. முதல் பிரதியில் நான் மறைத்தது இது: அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் புருலிடம், "எழுதிடு கண்ணு. பன்னெண்டுக்கு முடிஞ்சிரும். அடக்கத் தொழுகை ஒரு மணிக்குத்தான்" என்று சொன்னது நான்தான். அவள் தலையாட்டினாள். எஜே சொன்னால் தலையாட்ட வேண்டும் என்று பதினோரு வருடமாக நாங்கள்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

4

கட்டுரைத் தலைப்பு "நமது மலைகளின் நீர்வளம்".*

பத்தரை மணிக்கு நான் தேர்வு அறைக்கு வெளியே நின்றிருந்தேன். கெஞ்செபெக் போனில் கூப்பிட்டார். "எஜே, உடம்பு தாங்காதுன்னு தொழுகை நடத்தற மொல்தோ சொல்றாரு. பதினொன்றரைக்கே எடுக்கறோம். புள்ள எங்க?"

கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் புருல் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

நடையில் ரக்கியா எஜே வழிமறித்தார். "வாசலத் தாண்டினா நீ எழுதினது வெத்துத்தாள்."

"தெரியும் எஜே."

"ஒரு மணிக்கு விடைத்தாள் உறைய ஒட்டி அனுப்பிருவோம். அதுக்குள்ள அசலக் காட்டினா ஆகஸ்டுக்கு உன் பேரச் சேர்க்கறேன். இது நான் உனக்குச் செய்யற உதவி."

என் பழைய மட்டிஸ் காரில் போனோம். வழியில் நான் சொன்ன ஒரே வாக்கியத்தை இங்கே எழுதக் கை கூசுகிறது. "இறங்கினதும் முதல்ல சித்தப்பாகிட்ட சான்றிதழ வாங்கி எங்கிட்ட குடு. அப்புறம் உள்ள போ."

* நான் கற்பனை செய்திருந்தால் தலைப்பை "என் தந்தை" என்று வைத்திருப்பேன். நீங்களும் அழுதிருப்பீர்கள். ஆனால் நீர்வளம்தான்.

5

கூடாரத்தின் வெளிப்புறம், எங்கள் வழக்கப்படி, ஆண்கள் கையில் ஊன்றிய கம்பில் சாய்ந்து நின்று "ஐயோ என் அண்ணனே" என்று அரற்றிக்கொண்டிருந்தார்கள். கெஞ்செபெக் புருலைப் பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார்.

அவள் அந்தக் கைகளுக்குள் போகவில்லை.

"சித்தப்பா, சான்றிதழ் எங்க? அசல் எங்க?"

அழுகை அப்படியே நின்றது. அவர் கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். வாசலில் நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி: "பாத்தியா, அப்பன் மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்ன காகிதம் கேக்குது!"

நான் சொல்லித்தான் கேட்டாள் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கடிகாரம்தான் தெரிந்தது. உறையை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பிறகு நடந்ததை அவள் அம்மா சொன்னாள். தகரப் பெட்டியில் முகத்துக்கு நேராக உள்ளங்கையளவு கண்ணாடி. புருல் அதன்மேல் குனிந்தாள். அழவில்லை. நிமிர்ந்து, "மணி என்னம்மா?" என்றாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

பன்னிரண்டரைக்கு நான் ரக்கியா எஜேயின் மேசைமேல் அசலை வைத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். நீலம்தான். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

"இங்க மமசாலி. இதுல மாமசாலி."

"ரஷ்யாக்காரன் தப்பா எழுதியிருக்கான் எஜே."

"இருக்கலாம். ஆனா செத்தது இவ அப்பாதான்னு இந்தக் காகிதம் சொல்லலியே."

6

இனி முடிவு.

நாற்பதாம் நாள் விருந்துக்கு ஆசிரியர்கள் எல்லோரும் போனோம். ரக்கியா எஜேயும் வந்தார். பெரியவர் என்று உள்பக்கம் உட்கார வைத்தார்கள். புருல்தான் தேநீர் ஊற்றினாள். எங்களிடம் விருந்தாளிக்குக் கோப்பையில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். ரக்கியா எஜேயின் கோப்பையை அவள் வழிய வழிய நிரப்பி, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினாள்.

இது நடந்தது. இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். நீங்களும் மனசுக்குள் கை தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் ரக்கியா எஜே அந்தத் தேநீரை முழுக்கக் குடித்தார். மறுநாள் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மமசாலியும் மாமசாலியும் ஒரே ஆள்தான் என்று நீதிமன்றம் சொல்ல ஆகஸ்டு ஆகிவிட்டது. நர்சிங் கல்லூரியில் அதற்குள் இடங்கள் முடிந்திருந்தன. மறுதேர்வுப் பட்டியலில் மட்டும் அவள் பெயரைச் சேர்த்தார்கள். ஆகஸ்டு இருபது. வாயில் எட்டே முக்காலுக்கு மூடப்படும். பிறகு யாரும் உள்ளே போக முடியாது.

அன்று எட்டரையிலிருந்து நான் வாயிலில் நின்றேன்.

வந்தாளா? எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். வந்தாள், எழுதினாள், தேறினாள் என்று சொன்னால், "பார்த்தாயா, விதிக்குள்ளேயே வழி இருக்கத்தான் செய்தது" என்பீர்கள். வரவில்லை என்று சொன்னால், "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுவீர்கள். இரண்டுமே உங்களுக்கு வசதி. உங்கள் வசதிக்காக அந்தப் பெண்ணை நான் மறுபடியும் ஓட வைக்க மாட்டேன்.

மணி எட்டு நாற்பத்து நான்கு. காவலாளி பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். வெயில் ஏறுகிறது. நீங்களும் இங்கேயே நில்லுங்கள்.